மயிர்க்கால் சாட்சி

அந்த அலுவலகத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் ‘வாரிசு மெய்த்துக்க ஆய்வு நிலையம்’. மதுரைக்காரர்கள் வைத்த பெயர் மயிராபீஸ். இரண்டில் எது பொருத்தம் என்று டாக்டர் நாச்சியாரைக் கேட்டால் யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வாள். அங்கே தலைமை ஆய்வாளராக உட்கார்ந்து, இறந்துபோன ஊழியர்களின் பெண்டாட்டி, பிள்ளை, தாய், தம்பி என்று வந்தவர்கள் தலைகளையெல்லாம் அகச்சிவப்புக் கருவிக்கு அடியில் வைத்துப் பார்த்துப் பார்த்து, மனித ஜாதி மீது அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் உதிர்ந்துவிட்டது.

கருவி என்னவோ நல்ல கருவிதான். தலைமுடி ஒவ்வொன்றுக்கும் தோலுக்கு அடியில் ஒரு மயிர்க்கால் உண்டு. அது முடியை வளர்க்கும்போது அதற்கு ரத்தம் ஓடும், சூடு இருக்கும், அகச்சிவப்புப் படத்தில் வெள்ளையாக மினுங்கும். வளர்ப்பதை நிறுத்திவிட்டு ஓய்வுக்குப் போய்விட்டால் குளிர்ந்து கரும்புள்ளியாகத் தெரியும். பெரிய அதிர்ச்சி ஏதாவது வந்தால் ஆயிரக்கணக்கான மயிர்க்கால்கள் ஒன்றாக ஓய்வுக்குப் போகும். எந்த மாதத்தில் போயின, எந்த மாதத்தில் திரும்பி வந்தன என்பதைக்கூட முடியின் நீளத்தையும் பருமனையும் வைத்துக் கருவி பின்னோக்கிக் கணக்குப் போட்டுவிடும். வழுக்கைத் தலையில் முடி வளர்க்கலாம் என்று யாரோ ஆசைப்பட்டுச் செய்த கருவி இது. எந்த வழுக்கையிலும் எதுவும் வளரவில்லை. அரசாங்கத்துக்குத்தான் யோசனை வளர்ந்தது.

பணிக்காலத்தில் இறந்த ஊழியரின் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை தருவது பழைய வழக்கம். ஒரு பிணத்துக்கு மூன்று மனைவி, அரை டஜன் வாரிசு என்று மனுக்கள் குவிந்ததில் வெறுத்துப்போன ஒரு செயலாளர், உண்மையாகத் துக்கப்பட்டவருக்கே வேலை என்று உத்தரவு போட்டார். சாவு நடந்து மூன்று மாதம் கழித்து மனுதாரர் வந்து தலையைக் காட்ட வேண்டும். சாவு மாதத்தில் மயிர்க்கால்கள் வழக்கத்திலிருந்து எவ்வளவு மாறின என்று கருவி நூற்றுக்கு ஓர் எண் கொடுக்கும். அறுபதைத் தாண்டினால் துக்கம் பாஸ். ‘இது துக்கம் அல்ல’ என்று ஆய்வாளர் கருத்துரை எழுதினால் மட்டும் மனு விழும். அப்படி எழுதுகிறவர் அதைப் படத்திலிருந்து நிரூபித்துக் காட்ட வேண்டும்.

உத்தரவு வந்த கையோடு எதிர்ச் சந்தில் ஊசிக் கடைகள் முளைத்தன. கடுமையான காய்ச்சலும் மயிர்க்கால்களை ஓய்வுக்கு அனுப்பும் என்பது டைபாய்டு வந்து முடி கொட்டிய யாருக்கும் தெரிந்த சங்கதி. காய்ச்சல் ஊசி ஒன்று போட்டுக்கொண்டால் தலை தானாகவே துக்கம் கொண்டாடும். அப்பன் ஐ.சி.யூ.வில் இழுத்துக்கொண்டு கிடக்கும்போதே ஊசிக்கு முன்பதிவு செய்த உத்தம புத்திரர்களை நாச்சியார் பார்த்திருக்கிறாள். அவள் கண்ணை ஏமாற்ற முடியாது. ஊசி என்றால் மின்வெட்டு மாதிரி எல்லா மயிர்க்காலும் ஒரே நேரத்தில் அணைந்திருக்கும். துக்கம் அப்படி இல்லை, தெருத் தெருவாக அணையும். ஆனால் இதை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. துக்கத்திலும் காய்ச்சல் வரும் என்று வக்கீல் சொன்னால் முடிந்தது. அதனால் அவள் உள்ளுக்குள் காறித் துப்பிவிட்டு வெளியே கையெழுத்துப் போடுவாள். இந்த அறைக்கு வருகிறவர்களில் இரண்டே வகைதான், பொய்யர்கள், அந்தப் பொய்யைச் சரியாகச் சொல்லத் தெரியாத முட்டாள்கள் என்பது அவள் முடிவு.

அன்றைக்கு வந்தது ராஜமுருகன் குடும்பம். ஒரு வாரியத்தில் கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளராக இருந்து, மாரடைப்பில் நாற்காலியிலேயே போனவன். மனைவி சுபாஷினி வேலை கேட்டு மனு போட்டிருந்தாள். இறந்தவனின் தம்பி வினோத்பாண்டி, அண்ணி ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை என்று தாயின் பெயரில் எதிர்மனு போட்டிருந்தான். மனைவியின் துக்கம் பொய் என்று ஆகிவிட்டால், தாய் தன் உரிமையைக் கல்யாணமாகாத இளைய மகனுக்கு மாற்றித் தரலாம் என்று விதி இருந்தது. அதற்குத் தாயின் துக்கமும் அந்த மகனின் துக்கமும் மெய்யாக இருக்க வேண்டும். அதனால் மூன்று பேருமே தலை காட்ட வந்திருந்தார்கள்.

முதலில் வினோத்பாண்டி. முப்பத்தெட்டு வயது, வேலை ஒன்றும் இல்லை, மணிக்கட்டில் தடித்த செம்புக் காப்பு.

“எங்கண்ணன்னா எனக்கு உசுரு மேடம். சோறு இறங்கலை. அண்ணியப் பாருங்க, காரியத்தன்னிக்கு நின்னு எல்லாருக்கும் பரிமாறுது.”

“பரிமாறினதை நீங்க சாப்பிட்டீங்களா?”

அவன் தலையைக் குனிந்து கருவிக்கு அடியில் வைத்தான். எண் எண்பத்திரண்டு. படத்தில் ஒரே நேரத்தில் ஊரே இருண்டு கிடந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். கதையிலாவது ஓநாய்க்கு ஊசிச் செலவு இல்லை.

“காய்ச்சல் எப்படி இருந்துச்சு?” என்றாள் நாச்சியார்.

“எந்தக் காய்ச்சல்?”

“சரி, வெளியே இருங்க.”

அடுத்து சுபாஷினி. ஒல்லியான உடம்பு, இறுக்கிப் போட்ட கொண்டை. அழுது வீங்கிய முகமும் இல்லை, அழுததாகக் காட்டிக்கொள்ளும் முகமும் இல்லை. நாச்சியாருக்கு இந்த ரகம் அதிகம் பழக்கமில்லை. ஊசிக்குக் காசில்லாதவள் அல்லது துணிச்சல்காரி என்று நினைத்துக்கொண்டு கருவியைத் திருப்பினாள்.

திரையில் வந்த படத்தைப் பார்த்ததும் கருவி கெட்டுவிட்டது என்றுதான் தோன்றியது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அதே படம். தலை முழுக்க வெள்ளை. நெற்றியோரத்தில், உச்சியில், பின்கழுத்தில், ஒரு கரும்புள்ளிக்கு இடமில்லாமல் மயிர்க்கால்கள் மொத்தமும் எரிந்துகொண்டிருந்தன. பின்னோக்கிப் பார்த்தால் வரிசையாகக் கறுப்புப் பட்டைகள். தீபாவளிக்கு ஒன்று. மார்ச் மாதத்துக்கு ஒன்று, அது எல்லாவற்றையும்விடத் தடிமன். மறு வருடமும் அதே போல. ராஜமுருகன் இறந்த மாதத்தில் அத்தனையும் முடிந்து, தூங்கிக்கொண்டிருந்த மயிர்க்கால்கள் ஒவ்வொன்றாக விழித்திருந்தன. எண் தொண்ணூற்றொன்று. மாற்றம் எந்தப் பக்கம் என்று கருவிக்குச் சொல்லித்தரவில்லை. ஒரு புருஷன் செத்தால் பெண்டாட்டிக்கு முடி வளரும் என்று உத்தரவு போட்ட எந்தப் புண்ணியவானுக்கும் தோன்றியிருக்காது.

“மார்ச் மாசம் உங்க வீட்ல என்ன நடக்கும்?” என்று கேட்டாள் நாச்சியார்.

சுபாஷினி தலையை நிமிர்த்தினாள். “அது ஏன் கேக்குறீங்க?”

“படத்துல இருக்கு.”

“வருசக் கணக்கு முடிப்பாங்க. அவரு கணக்கு ஒத்து வரலைன்னா மேல இருக்கவங்க வைவாங்க. அவரு அங்கன வாயத் திறக்க மாட்டாரு. ரொம்ப மரியாதையான மனுசன்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்லுவாங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். “வீட்டுக்கு வந்துதான் திறப்பாரு. வாய மட்டும் இல்ல.”

“தீபாவளிக்கு?”

“போனஸ் வரும்ல.”

மரியாதையான மனுசன். நாச்சியாருக்கு அந்த வார்த்தையைக் கேட்கவே குமட்டியது. இரங்கல் கூட்டத்தில் அவன் படத்துக்கு மாலை போட்டு, நேர்மையின் சிகரம் என்று யாராவது பேசியிருப்பார்கள்.

“டாக்டர், நான் துக்கப்படலைன்னு எழுதிருவீங்களா?” என்றாள் சுபாஷினி. “அழத்தான் பாத்தேன். சத்தியமா பாத்தேன். வரலை.”

“வேலை கிடைக்கலைன்னா என்ன பண்ணுவீங்க?”

“குவார்ட்டர்ஸக் காலி பண்ணணும். கொழுந்தனுக்கு வேலை கிடைச்சா அதே குவார்ட்டர்ஸ் அவருக்குத்தான். எங்களை வச்சுக் காப்பாத்துறேன்னு சொல்லிருக்காரு. எம்பொண்ணு ஒன்பதாவது படிக்குது.” தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அண்ணன் கைதான் தம்பிக்கும்.”

விதி தெளிவாக இருந்தது. இந்தப் படத்தைத் துக்கம் என்று சொல்ல எந்தக் கொம்பனாலும் முடியாது. நாச்சியார் எதுவும் எழுதாமல் விட்டால், வினோத்பாண்டி படத்தின் நகலைக் கேட்டு வாங்கி, எந்த மருத்துவக் கல்லூரி மாணவனிடம் காட்டினாலும் குட்டு உடைந்துவிடும். சுபாஷினியின் வேலை போகும். நாச்சியாரின் வேலையும் சேர்ந்து போகும். இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான் என்று சொல்வார்களே, அது இந்த ராஜமுருகனுக்கு அச்சாகப் பொருந்தியது.

“வெளிய உக்காருங்க. உங்க மாமியாரைப் பாத்துட்டுச் சொல்றேன்.”

பாண்டியம்மாள் உள்ளே வரும்போதே அழுதுகொண்டு வந்தாள். அறுபதைத் தாண்டிய வயது, கனத்த உடம்பு, பஞ்சாக வெளுத்த தலை. நாற்காலியில் உட்காரும் வரை மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள்.

“எம்மகன் ராசா மாதிரி இருந்தான் தாயி. இந்தச் சிறுக்கி பொட்டுக் கண்ணீர் விடலையே. கல்லு மாதிரி நின்னாளே.”

நாச்சியார் இந்தப் பாட்டை ஆயிரம் தடவை கேட்டிருந்தாள். நீலிக் கண்ணீர், அதற்கு மேலே ஓர் ஊசி. “எந்தக் கடையில ஊசி போட்டீங்கம்மா?” என்றாள் சலிப்பாக.

அழுகை சட்டென்று நின்றது. பாண்டியம்மாளின் முகம் சிவந்துவிட்டது.

“சின்னவன் கூப்பிட்டான். போடா மயிருன்னு வந்துட்டேன். பெத்த மகனுக்கு அழுறதுக்கு எனக்கு ஊசியா? பத்து மாசம் சுமந்த வயிறு டாக்டரம்மா இது. என் தலைய நல்லாப் பாருங்க. எத்தனை நூறு வேணும்னாலும் வரும்.”

நாச்சியாருக்கு முதல்முறையாக ஒரு சின்ன நெருடல். இவள் நடிக்கவில்லை. அப்படியானால் இவள் துக்கம் மெய். இவள் துக்கம் மெய் என்றால் வேலை ஓநாய்க்குப் போகும். கருவியைத் தலைக்கு மேலே இறக்கினாள்.

திரை வெளுத்தது.

மருமகள் தலை அளவுக்கு இல்லை. வயசான தலை, பாதி மயிர்க்கால்கள் எப்போதோ ஓய்ந்துபோனவை. ஆனால் உயிரோடு இருந்தவை அத்தனையும் ஒளிர்ந்தன. பின்னோக்கிப் பார்த்தால் அதே தீபாவளி, அதே மார்ச். எண் எண்பத்தெட்டு. அதோடு இன்னொன்றும் இருந்தது. நாச்சியார் கருவியை நெருக்கி, காதோரத்தில் தோலுக்கு அடியில் இருந்த முடியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெளியே தெரியும் முடி வெள்ளை. உள்ளே, வேரில், புதிதாக வந்துகொண்டிருந்தது கடுகளவு கறுப்பு. மனப்பாரம் இறங்கினால் நரைத்த முடி ஒன்றிரண்டு வேரிலிருந்து மறுபடி கறுப்பதைப் புத்தகத்தில் படித்திருக்கிறாள். ஒரு காதோரம் முழுக்கக் கறுத்து வருவதை இப்போதுதான் பார்க்கிறாள்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். நாச்சியாருக்கு நியாயமாகச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். இப்படி ஒரு படம் கையில் கிடைத்தால் முகத்துக்கு நேரே காட்டி அவமானப்படுத்தலாம் என்று எத்தனை நாள் காத்திருந்திருக்கிறாள். திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

“இது உங்க மருமக தலை. இது உங்க தலை. வெள்ளையா இருக்கிறதெல்லாம் வளர்ற முடி. துக்கப்பட்ட தலையில கறுப்பாத்தான் இருக்கும். இந்தக் கறுப்புப் பட்டையெல்லாம் உங்க மகன் உயிரோட இருந்தப்ப வந்தது. அவர் போன மாசத்துல எல்லாம் போயிருச்சு. ரெண்டு பேருக்கும் ஒண்ணு போலத்தான் வளந்திருக்கு.”

பாண்டியம்மாள் திரையைப் பார்த்தாள். எட்டிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“பொய்யி,” என்றாள்.

“உங்க காதோரத்துல முடி கறுத்து வருது. இன்னும் ரெண்டு மாசத்துல கண்ணாடியில நீங்களே பாப்பீங்க.”

வெளியே கூடத்தில் யாரோ எண் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

“நான் அழுதது நெசம் தாயி,” என்றாள் பாண்டியம்மாள்.

“தெரியும்.”

தெரியும் என்று சொன்னபோதுதான் தனக்கு அது உண்மையிலேயே தெரிந்திருப்பதை நாச்சியார் உணர்ந்தாள். அழுததும் நிஜம், முடி வளர்ந்ததும் நிஜம். பொய்யர், முட்டாள் என்ற தன் இரண்டு டப்பாக்களில் எதிலும் இந்தக் கிழவி அடங்கவில்லை. ஆறு வருடமாகத் தலைக்குள் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு அது எரிச்சலாக இருந்தது, கூச்சமாகவும் இருந்தது.

“அவங்கப்பாவும் அப்படித்தான்,” என்று பாண்டியம்மாள் தரையைப் பார்த்துச் சொன்னாள். “சோத்துத் தட்டத் தூக்கி எறியிற சத்தம் இருக்கே, அது கேக்கும்போது நான் அடுப்படியில நின்னுருவேன். அவரு போனாரு, கொஞ்ச நாள் சத்தமில்ல. பெறகு இவன் எறிய ஆரம்பிச்சான். நாந்தான் அவளச் சொல்லுவேன், ஆம்பளன்னா அப்படித்தான், பொறுத்துக்கன்னு. ஒரு நா குறுக்க போனேன். எனக்கும் விழுந்துச்சு. பெறகு குறுக்க போகலை.”

நாச்சியார் திரையை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

பாண்டியம்மாள் விரலை நீட்டி, திரையில் தன் தலையின் வெள்ளையைத் தொட்டாள்.

“டாக்டரம்மா, ஒண்ணு கேக்கவா? சின்னவன் வேலைக்குப் போயி, அந்த வீட்டுக்கு வந்துட்டான்னா இது என்னாகும்?”

“அதைக் கருவி சொல்லாது. உங்களுக்குத்தான் தெரியும்.”

கிழவி எழுந்தாள். அவிழ்ந்திருந்த தலையைக் கோதி, இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்துகொண்டாள். கதவு வரை போய்த் திரும்பி நின்றாள்.

“எதிர்மனுவ நான் திருப்பி வாங்கிக்கிறேன். அவ பேருக்கே எழுதுங்க. சின்னவன் கேட்டான்னா, ஆத்தா சொல்லிருச்சுன்னு சொல்லுங்க. உரிமை எனக்குத்தான?”

“உங்களுக்குத்தான்.”

“அந்தப் படத்த அவன் கேட்டா குடுக்காதீங்க.”

“எதிர்மனு இல்லைன்னா அவர் கேட்கவே முடியாது.”

கூடத்தில் கொஞ்ச நேரம் வினோத்பாண்டியின் குரல் உயர்ந்தது. காப்புப் போட்ட கை ஒருமுறை ஓங்கவும் ஓங்கியது. ஊரே உட்கார்ந்திருக்கும் கூடம் என்பது நினைவுக்கு வந்து அது பாதியில் தலையைக் கோதிக்கொண்டது. வெளியே மரியாதையான மனுசர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படித்திருக்க வேண்டும் என்று நாச்சியார் நினைத்துக்கொண்டாள். கருத்துரை இருக்கும் இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் இணை இயக்குநர் கோதண்டபாணி வாயெல்லாம் பல்லாக அவள் அறைக்கு வந்தார். அந்த மனிதருக்குத் தலையில் மயிர் இல்லை, தலைக்குள் சரக்கும் இல்லை. எண்களைக் கூட்டத் தெரியும். அதை வைத்தே இவ்வளவு தூரம் வந்துவிட்டார்.

“டாக்டர், மருமகளுக்குத் தொண்ணூத்தொண்ணு, மாமியாருக்கு எண்பத்தெட்டு. ஒரே குடும்பத்துல. நம்ம நிலையத்து சரித்திரத்துலயே கிடையாது. அந்த மனுஷன் எப்பேர்ப்பட்டவரா இருந்திருக்கணும்.”

“இருந்திருக்கணும் சார்.”

“கருத்துரை ஒண்ணும் எழுதலையே?”

“எண் சொல்றதுக்கு மேல நான் என்ன சார் சொல்ல? வேணும்னா படத்தைப் பாருங்க.”

அவர் பார்த்தார். கோதண்டபாணி கண்கள் பனிக்க இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டார்.

“என்ன வெளிச்சம் பாருங்க. அன்போட வெளிச்சம்.”

ஆண்டு விழாவில் அந்தப் படத்தைத்தான் மேடைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு அச்சடித்து மாட்டியிருந்தார்கள். கீழே ‘பிரிவின் பேரொளி’ என்று எழுதியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு முக்காலியில் ராஜமுருகனின் புகைப்படம், சந்தன மாலையோடு. உத்தரவு போட்ட செயலாளரே மனைவியோடு சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். குடும்ப பாசம் தமிழனின் ரத்தத்தில் ஊறியது, இப்போது அதை அறிவியல் படமே பிடித்துக் காட்டிவிட்டது என்று முக்கால் மணி நேரம் பேசினார். சுபாஷினி அந்த வாரியத்திலேயே வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மாமியாரையும் மருமகளையும் மேடைக்கு அழைத்து, மெய்த்துக்கக் குடும்பம் என்று பொன்னாடை போர்த்தினார்கள். கூட்டம் கை தட்டியது. முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நாச்சியார் ஓரத்தில் நின்று, சிரித்துவிடாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்து காபி கொடுக்கும் இடத்தில் செயலாளரின் மனைவி அந்த இரண்டு பேரிடமும் வந்தாள். பட்டுப்புடவை, வைரத்தோடு, பின்னால் கனத்த கொண்டை. கொண்டையில் முக்கால்வாசி சவுரி என்பதைப் பார்க்க நாச்சியாருக்குக் கருவி வேண்டியிருக்கவில்லை. வகிடு அகலமாக, உச்சந்தலைத் தோல் பளிச்சென்று தெரிந்தது.

“தப்பா நினைக்காதீங்க,” என்றாள் அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி. “உங்க ரெண்டு பேருக்கும் முடி எவ்வளவு அடர்த்தியா இருக்கு. பெரியம்மாவுக்குக் காதோரம் கறுப்பா வேற இருக்கே. எனக்குப் பாருங்க, கொட்டிக்கிட்டே இருக்கு. காட்டாத டாக்டர் இல்லை. என்ன எண்ணெய் தேய்க்கிறீங்க?”

சுபாஷினி மாமியாரைப் பார்த்தாள். பாண்டியம்மாள் காபியை ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“எண்ணெயெல்லாம் ஒண்ணுமில்லம்மா. இப்ப ரெண்டு பேரும் ராத்திரி தூங்குறோம்.”

அந்த அம்மாள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. சற்றுத் தள்ளி நின்று கோதண்டபாணியிடம் பேசிக்கொண்டிருந்த செயலாளரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவர் மிக மரியாதையாகத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“தூங்கினா வளருமா?” என்று கேட்டாள், இன்னும் மெல்ல.

“எங்களுக்கு வளந்துச்சு,” என்றாள் பாண்டியம்மாள்.